62 வயதில் மீட்டியோர் 350

பணி ஓய்வுக்குப் பிறகு ஸ்கூட்டரே போதும் என்று வீட்டில் சொன்னதை மீறி, சென்ற ஆண்டு ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 வாங்கினேன். காட்பாடியில் வசிக்கிறேன், வயது 62. இளைஞர்கள் எழுதும் மதிப்புரைகளில் வேகம் இருக்கிறது, சத்தம் இருக்கிறது, முழங்கால் மட்டும் இருப்பதில்லை.

இருக்கை தரையிலிருந்து 765 மில்லிமீட்டர் உயரத்திலேயே இருப்பதால், ஐந்தரை அடி உயரமுள்ள எனக்கு இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிகின்றன. என் வயதினர் குதிரைத்திறனுக்கு முன் பார்க்க வேண்டிய அளவு இதுதான். கால் வைக்கும் இடம் சற்று முன்னால் தள்ளி இருப்பதால் முழங்கால் அதிகம் மடங்குவதில்லை. 349 சிசி இன்ஜினின் 20 குதிரைத்திறன் பெரிய கணக்கல்ல என்றாலும், 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை குறைந்த வேகத்திலேயே கைகொடுப்பதால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து ஏறியபோதும் வண்டி திணறவில்லை. விடியற்காலையில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, பள்ளிகொண்டா தாண்டும்போது வெயில் முதுகில் மெல்ல ஏறுவதும், திரும்பும் வழியில் ஆம்பூரில் பிரியாணிக்காக நிறுத்துவதும் காரில் போனால் கிடைக்காத சுகம். (சர்க்கரை அளவைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

ஓடும்போது தெரியாத 191 கிலோ எடை, நிற்கும்போதுதான் தெரிகிறது. டீக்கடை முன்பு சரளைச் சரிவில் முன்சக்கரம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்திவிட்டு, பிறகு பின்னுக்கு இழுத்தபோது கால் வழுக்கி வண்டியோடு சாய்ந்தேன். "ஐயா, நீங்க நகருங்க" என்று இரண்டு தம்பிகள் வந்து தூக்கி நிறுத்தினார்கள். தவறு முழுவதும் என்னுடையது. அன்று முதல் நிறுத்தும்போதே எடுப்பதை யோசிக்கிறேன்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் இரு சக்கரங்களுக்கும் இருப்பது பெரிய ஆறுதல்தான், ஆனால் என் கை போய் பிரேக்கை அழுத்திய பிறகுதானே அதன் வேலை தொடங்குகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி தாமதித்தால் 22 மீட்டர் போய்விடும். 60-இல் ஏறத்தாழ 17. ஆகவே நெடுஞ்சாலையில் 60-ஐத் தாண்டுவதில்லை. கண்புரையால் எதிர்வரும் விளக்குகள் சிதறித் தெரிவதால் இருட்டில் ஓட்டுவதையும் விட்டுவிட்டேன். 55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமத்தை 5 ஆண்டுகளுக்கு மட்டுமே, அதுவும் மருத்துவச் சான்றோடு, புதுப்பித்துத் தருகிறார்கள். அதைத் தொல்லையாக நான் நினைக்கவில்லை.

வாங்க நினைப்பவர்கள் கடையில் ஓட்டிப் பார்க்கும் முன், இன்ஜினை அணைத்துவிட்டு, சிறிய மேட்டில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். என் நண்பர் அப்படித் தள்ளிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கியபடியே பக்கத்துக் கடைக்குப் போய் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டினார்.