ரசமட்டத்தை எங்கே வைத்துக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள்

அவிநாசிப் பக்கம் மாடியில் குளியல் தொட்டி வைத்திருப்பவர்களும் வைக்கப் போகிறவர்களும் இதைத் தயவுசெய்து படியுங்கள். எனக்கு 9,500 ரூபாய் போயிற்று. கீழறையின் கூரைப் பூச்சும் போயிற்று.

அம்மாவுக்கு இடுப்பு வலி. வெந்நீரில் உட்கார்ந்தால் இதமாக இருக்குமே என்று ஐந்தடி அக்ரிலிக் தொட்டி வாங்கிப் பொருத்தினோம். முதல் வாரத்திலேயே, தண்ணீரை வடியவிட்ட பிறகும் தலைமாட்டில் ஒரு தாம்பாள அகலத்துக்குத் தேங்கி நின்றது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. தேங்கிய இடத்தில் வெள்ளையாகப் படிந்தது. அதில் கால் வைத்து வழுக்கிய அம்மா, குழாயைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார். அன்றைக்கே ஒப்பந்தக்காரரை வரச் சொன்னேன்.

வந்தவர் ரசமட்டத்தை, அதாவது குமிழியை வைத்து மட்டம் பார்க்கும் கருவியை, தொட்டியின் அடிப்பரப்பில் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. "இங்கே பாருங்க அக்கா, மட்டம் சரியாகத்தானே இருக்கிறது? எந்தத் தொட்டியிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கத்தான் செய்யுங்க" என்றார். நம்பிவிட்டேன்.

இதுதான் ஏமாற்று. வடிகாலை நோக்கிய சரிவு தொட்டியைத் தயாரிக்கும்போதே அடிப்பரப்பில் வந்துவிடுகிறது. ஆகவே மட்டம் பார்க்க வேண்டியது மேல் விளிம்பில், நான்கு பக்கமும். அடிப்பரப்பு மட்டமாகக் காட்டினால் தொட்டி தவறாகச் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருடம் தொழில் செய்பவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

மறுபடி வற்புறுத்தியபோது, தூக்கி வைக்க 3,500 ரூபாய் கேட்டு வாங்கினார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆட்கள் வந்து, கடப்பாரையால் நெம்பி, தலைமாட்டில் பிளைவுட் துண்டுகளைச் செருகி, மேலே சிலிகான் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர் நன்றாகவே வடிந்தது. இரண்டே மாதத்தில் கீழறைக் கூரை ஊறி, பூச்சு கட்டிலின் மேல் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, யாரும் படுத்திருக்கவில்லை.

பெருந்துறையிலிருந்து வந்த வயதான பிளம்பர் பக்கவாட்டு டைல்ஸைப் பெயர்த்து டார்ச் அடித்துக் காட்டினார். பிளைவுட் உப்பி, விரலால் அழுத்தினால் பிய்ந்து வந்தது. தொட்டியின் நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடவே இல்லை. வேஸ்ட் பைப்பைக் கழற்றாமல் நெம்பியதால் இணைப்பின் ரப்பர் வாஷர் பிதுங்கிக் கிடந்தது.

அவர் முதலில் பைப்பைக் கழற்றினார். பிறகு கால்களின் திருகை ஏற்றி இறக்கி, விளிம்பில் மட்டம் பார்த்து, நட்டை இறுக்கினார். தொட்டியின் வயிற்றுக்கு அடியில் சிமெண்ட் கலவை போட்டார். புது வாஷர் மாட்டி, தொட்டியை நிரப்பி, இணைப்புக்குக் கீழே செய்தித்தாளை விரித்துவிட்டுப் போனார். காலையில் தாள் காய்ந்தே இருந்தது. தண்ணீரை இறக்காமலேதான் சுவரோரம் சிலிகான் பூசினார். ஏறக்குறைய 200 லிட்டர், அதாவது 200 கிலோ. ஆளும் உட்கார்ந்தால் தொட்டி இன்னும் அழுந்தும். வெறுந்தொட்டியில் பூசிய சிலிகான் அப்போது பிரிந்துவிடும். பெயர்த்த இடத்தில் திறந்து மூடும் கதவும் வைத்தார். "இல்லையென்றால் அடுத்த முறையும் டைல்ஸை உடைக்க வேண்டும், அம்மிணி." கூலி 6,000 ரூபாய்.

முதலாமவரிடம் நான் பில் வாங்கவில்லை. இப்போது போனை எடுப்பதில்லை. பணம் அனுப்பிய பதிவையும், பிளைவுட் துண்டுகளின் படங்களையும் வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தத் துண்டுகளைக்கூட எறியாமல் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன்.

தொட்டியில் இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேங்குவதில்லை. அம்மாதான் இன்னும் அதில் கால் வைக்க மறுக்கிறார்.