கிளைடர் காக்பிட்டுக்கு அஞ்சாவது பெல்ட்: வாங்கலாமா?

பெங்களூர்ல கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) பறக்குறவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான், ஆனா ஹார்னஸ் (பைலட்டை சீட்டோட கட்டுற பெல்ட் செட்) பத்தி கேக்குறவங்க நெறைய பேர் இருக்காங்க, அதான் விவரமா எழுதிடுறேன். ஃப்ரெண்ட்ஸ் சில பேர் சேர்ந்து வெச்சிருக்குற ரெண்டு சீட்டு ஃபைபர்கிளாஸ் கிளைடர் எங்களோடது. அதுல ரெண்டு இடுப்பு பெல்ட், ரெண்டு தோள் பெல்ட், ஆக நாலு பாயிண்ட் ஹார்னஸ். முன் சீட்டுக்கு இப்போ காலுக்கு நடுவுல வர்ற அஞ்சாவது பட்டையும் மாட்டியாச்சு. என்னை கேட்டா கண்டிப்பா வாங்குங்க, ஆனா எங்க வாங்குறீங்க யார் மாட்டுறாங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

எதுக்கு இதுன்னா, கிளைடர்ல பாதி படுத்த மாதிரி காலை நீட்டிதான் உக்காரணும். தோள் பெல்ட்டை இறுக்க இறுக்க அது நடுவுல இருக்குற பக்கிளை மேல இழுக்கும், கூடவே இடுப்பு பெல்ட்டும் ஏறி இடுப்பெலும்பை விட்டுட்டு வயித்து மேல வந்துரும். அந்த நேரத்துல மோசமா தரையில மோதினா உடம்பு பெல்ட்டுக்கு அடியில வழுக்கிட்டு முன்னாடி போகும், சப்மரைனிங்னு சொல்றது இதைத்தான், எலும்பு தாங்க வேண்டிய அடி மொத்தமும் குடலுக்கு போயிடும். விஞ்ச் லாஞ்ச்ல, அதாவது தரையில இருக்குற மெஷின் கேபிளால இழுத்து மேல ஏத்தும்போது, கேபிள் அறுந்து மூக்கை சட்டுனு கீழ தள்ளும்போது உடம்பு சீட்டை விட்டு எழும்பி தலை கேனோபில (காக்பிட்டுக்கு மேல இருக்குற கண்ணாடி மூடி) இடிக்குறதும் இதே லூசான பெல்ட்டாலதான். அஞ்சாவது பட்டை பக்கிளை கீழ புடிச்சு வெச்சுக்கும், அதோட வேலை அவ்ளோதான். இடுப்பு பெல்ட்டை விமானத்தோட பிணைக்குற ஆங்கரே தப்பான இடத்துல இருந்தா இந்த பட்டை அதை சரி பண்ணிடாது.

ஜே.சி. ரோடுல கார் சீட் தைக்குற கடை ஒண்ணுல விசாரிச்சப்ப, "லாரி இழுக்குற பட்டை அண்ணா, அறுந்தே போகாது, சாயங்காலம் தைச்சு குடுத்துடுறேன்"னாரு. நல்ல மனுஷன்தான், ஆனா நான் ஒத்துக்கல. கிளைடருக்கான ஐரோப்பாவோட சிஎஸ்-22 விதியில எமர்ஜென்சி லேண்டிங்குக்கு முன்பக்கமா 15 ஜி (உடம்பு எடையைப் போல 15 மடங்கு விசை) கணக்கு வெச்சிருக்காங்க, 80 கிலோ ஆளுன்னா 1200 கிலோ இழுப்பு. அதை தாங்குமான்னு பட்டையை மட்டும் பாத்தா பத்தாது, தையல், அட்ஜஸ்டர், பக்கிள்ல போய் மாட்டுற நாக்கு எல்லாமே சேர்ந்து டெஸ்ட் ஆகியிருக்கணும். நைலானா பாலியெஸ்டரான்னும் பாக்கணும், நைலான் அதிகமா நீளும், நீண்ட ஒவ்வொரு இஞ்சும் உங்க தலை முன்னாடி இருக்குற பேனலை நோக்கி போற இஞ்சு. காட்ரிங்கர், ஷ்ராத், ஹூக்கர்னு இதையே தொழிலா பண்றவங்க இருக்காங்க, உங்க ஹார்னஸ் யாரோடதோ அவங்க பட்டையே வாங்குங்க, ஒருத்தர் பக்கிள்ல இன்னொருத்தர் நாக்கு க்ளிக்னு விழுந்தா கூட நம்பாதீங்க.

எங்களுக்கு வந்த பட்டை தரமா இருந்துச்சு. ஓரம் பிசிறே இல்ல, சதுரம் போட்டு நடுவுல குறுக்கால தைச்ச தையல், பார்ட் நம்பரும் தயாரிச்ச தேதியும் போட்ட லேபிள். குறைன்னா ரெண்டு. பட்டை விலைக்கு மேல கூரியரும் கஸ்டம்ஸுமே ஆயிடுச்சு, அப்புறம் அட்ஜஸ்டர் ரொம்ப கீழ இருக்கு, பாராசூட் போட்டுட்டு குனிஞ்சு இழுக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது.

ஃபிட்டிங்குக்கு லைசன்ஸ் உள்ள ஏஎம்இ (விமான பராமரிப்பு இன்ஜினியர்) ஒருத்தரை வரவழைச்சோம், அவர் வேலைக்கு முழு மார்க். எங்க கிளைடர்ல தயாரிப்பாளரே ஆப்ஷனா சீட் பானுக்கு (உக்கார்ற தட்டு) அடியில ஆங்கர் குடுத்திருந்தாங்க, அதனால ஓட்டை போடுற பேச்சே இல்ல. உங்களோடதுல ஆங்கர் இல்லன்னா தயாரிப்பாளரை கேக்காம ஃபைபர்கிளாஸ்ல ட்ரில் வைக்காதீங்க. சீட் பானை கழட்டுனதும் அவர் முதல்ல டார்ச் அடிச்சு பாத்தது எலிவேட்டர் ராடைத்தான் (மூக்கை மேல கீழ திருப்புற வால் பகுதிக்கு கன்ட்ரோல் ஸ்டிக்குல இருந்து போற கம்பி), பட்டையோ போல்ட்டோ ராடுல உரசுதான்னு. அப்புறம் என்னை முழுசா கட்டிட்டு, "ஸ்டிக்கை நாலு மூலைக்கும் கொண்டு போங்க சார்"னாரு. முழுசா பின்னாடி இழுக்கும்போது மிச்சம் தொங்குற பட்டை நுனி ஸ்டிக் அடியில போய் சிக்குற மாதிரி வந்துச்சு, அதை மடிச்சு சொருக எலாஸ்டிக் போட்டு குடுத்தாரு. பாராசூட் கால் பட்டையும் இதுவும் ஒண்ணோட ஒண்ணு சிக்காம இருக்கான்னு, தரையிலயே பக்கிளை திருப்பி எழுந்து வெளிய வர சொல்லி பாத்தாரு. கடைசியா லாக் புக்ல என்ட்ரி போட்டு கையெழுத்து. அந்த கையெழுத்து இல்லாம பறக்கவே கூடாது.

கட்டுற வரிசையும் முக்கியம். முதல்ல இடுப்பு பெல்ட்டை நல்லா கீழ இறக்கி இறுக்கணும், அப்புறம் அஞ்சாவது பட்டையை தொளதொளப்பு இல்லாம, கடைசியாதான் தோள். இடுப்பை லூசா விட்டுட்டு இந்த பட்டையை நம்புனா மோதுறப்ப மொத்த இழுப்பும் அது மேலதான் விழும், எந்த இடத்துலன்னு சொல்ல வேண்டியதில்ல.

பின் சீட்டுக்கும் இதே பட்டையை ஆர்டர் போட்டாச்சு, அட்ஜஸ்டர் கொஞ்சம் மேல வர்ற மாதிரி நீளத்தை மாத்தி தருவாங்களான்னு கேட்டு மெயில் அனுப்பியிருக்கேன்.