மாளவியா மிஷன் அறிமுகப் பயிற்சி: சேர்ந்தவுடன் ஓய்வையும் யோசிக்க வைத்த ஒரு மாதம்

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ உதவிப் பேராசிரியராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு நடத்தும் ஒரு மாத ஆசிரியர் அறிமுகப் பயிற்சியை, தமிழ்நாட்டில் உள்ள ஒரு மையத்தில் அண்மையில் முடித்தேன். 1980களின் பிற்பகுதியில் கல்விப்பணியாளர் கல்லூரிகள் என்று தொடங்கி, பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்று பெயர் மாறி, 2023 செப்டம்பர் 5 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களாக இயங்கிவரும் அமைப்பு இது. பத்தாம் ஊதிய நிலையிலிருந்து பதினொன்றாம் ஊதிய நிலைக்குப் பதவி உயர்வு பெற இந்தச் சான்றிதழ் உதவுகிறது என்பதால்தான் பெரும்பாலானோர் விண்ணப்பிக்கிறார்கள். நானும் அதற்காகவே போனேன்.

கற்பித்தல் முறை, மதிப்பீடு, பாடத்திட்ட வடிவமைப்பு பற்றிய அமர்வுகள் ஏற்கத்தக்க தரத்தில் இருந்தன. வினாத்தாள் தயாரிப்பது பற்றிய செய்முறை அமர்வு மட்டும் அதற்கு மேல் ஒரு படி. தேசியக் கல்விக் கொள்கை குறித்த உரைகள் ஒன்றையொன்று திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றில் பாதியைக் குறைத்திருந்தாலும் இழப்பு எதுவும் இருந்திருக்காது.

பயிற்சியின் உண்மையான மதிப்பு, ஓய்வுபெற்ற நிதி அலுவலர் ஒருவர் நடத்திய ஒரே ஒரு பிற்பகல் அமர்வில் இருந்தது. 2004 ஜனவரி 1-க்கு முன் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. அதன்பின் சேர்ந்தவர்களுக்கு, மாதந்தோறும் பிடிக்கும் தொகையை முதலீடு செய்து திரட்டும் தேசிய ஓய்வூதியத் திட்டம். இதனால் விளையும் ஒரு சிக்கலை அவர் எடுத்துக் காட்டினார். வேறு எல்லாவற்றுக்கும் நாம் துறையின் மூத்த பேராசிரியரிடம்தான் போய்க் கேட்கிறோம். ஆனால் தமது ஓய்வூதியம் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் பணியாற்றிய அவருக்கு, நம் கணக்கில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரே துறையில், ஒரே தாழ்வாரத்தில் இருப்பவர்களின் முதுமை இரு வேறு விதிகளின்படி நடக்கப்போகிறது.

நிதி அலுவலர் கரும்பலகையில் போட்ட கணக்கு எளிமையானது. புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்க்காமல் பார்த்தால், அதில் நம் பங்கு 10 சதவீதம், அதாவது 5,770 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 14 சதவீதம், அதாவது 8,078 ரூபாய். மாதம் 13,848 ரூபாய் சேருகிறது. நாமாக எதையும் தேர்வு செய்யாவிட்டால், மூன்று பொதுத்துறை நிதி மேலாளர்களிடம் பிரிந்து செல்லும் இந்தத் தொகையில் ஒரு சிறு பகுதிக்கு மேல் பங்குச் சந்தைக்குப் போகாது. மாறாக, 35 வயதுவரை பாதியைப் பங்குகளில் வைத்து, பிறகு ஆண்டுதோறும் குறைத்து, 55 வயதில் 10 சதவீதத்துக்குக் கொண்டுவரும் வழியையும் தேர்ந்தெடுக்கலாம். முனைவர் பட்டம், தற்காலிகப் பணி, நேர்காணல்கள் என்று அலைந்து முப்பதுகளின் நடுவில் வேலைக்கு வருகிறவருக்கு அந்த 35 வயது வரம்பு ஏறக்குறைய முதல் நாளிலேயே கடந்துவிடுகிறது என்பதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. 65 வயதில் திரட்சியில் 60 சதவீதம் வரை கையில் வாங்கலாம், குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆன்யுட்டி (தொடர்ந்து ஓய்வூதியம் தரும் காப்பீட்டுத் திட்டம்) வாங்க வேண்டும் என்பதும் அங்கேதான் தெளிவானது.

பணி ஓய்வின் மறுபக்கத்தைப் பயிற்சி தொடவே இல்லை. முனைவர் பட்ட விதிகள் 2022-இன்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ள ஆசிரியர் புதிய ஆய்வு மாணவரைச் சேர்க்க முடியாது. உதவிப் பேராசிரியரோ நான்கு பேரை வழிநடத்தலாம். ஆகவே ஒரு பேராசிரியர் போகும் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. அவருடைய ஆய்வகமும், மாணவர்களும், பாடங்களும் யாரிடம் போகும் என்பதையும் அப்போதே எழுதிவைக்கலாம். இதற்கென ஒரு அமர்வை ஒதுக்கி, ஓய்வை நெருங்கும் மூத்தவர்களையும் அழைத்து, புதியவர்களோடு உட்கார வைத்திருந்தால் மையத்துக்குப் பெரிய செலவு ஆகியிருக்காது. புதியவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பத்து லட்சம் ரூபாய் தரும் டி.எஸ்.கோத்தாரி ஆய்வு மானியத்தையும், ஓய்வுபெற்றவர்களுக்கான ஆய்வு உதவித்தொகையையும் மானியக் குழு 2022-இல் ஒரே நாளில் அறிவித்தது. பயிற்சியில் முதலாவதைப் பற்றி மட்டும், அதுவும் ஒரு வரியில், பேசினார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இந்தப் பயிற்சியில் சேர்ந்துவிடுவது நல்லது. பலரும் பதவி உயர்வு நெருங்கும்போது அவசரமாக இடம் தேடுகிறார்கள்; அதற்குள் முதலீட்டுத் தேர்வு பற்றி யோசிக்க வேண்டிய ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. போகும்போது உங்கள் ஓய்வூதியக் கணக்கு எண்ணையும் அண்மைய கணக்கு அறிக்கையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிதி அமர்வு நிரலில் இல்லையென்றால், ஒருங்கிணைப்பாளரிடம் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.