பேக்கிரவுண்டு டவுன்லோடு: செயலியே இழுக்கட்டுமா, சிஸ்டத்திடம் கொடுத்துவிடலாமா?

டவுன்லோடு பட்டனைத் தட்டிவிட்டு பயனர் அதே ஸ்கிரீனிலேயே உட்கார்ந்திருப்பார் என்று நம்பி எழுதிய கோடு, டெஸ்ட் போனில் அருமையாக ஓடும். நிஜத்தில் அவர் அடுத்த விநாடியே வேறு செயலிக்குப் போவார், கேமராவைத் திறப்பார், மெமரி போதாமல் ஆண்ட்ராய்டு உங்கள் பிராசஸைத் (ஓடிக்கொண்டிருக்கும் செயலியைத்) தூக்கிவிடும், முக்கால்வாசி வந்த கோப்பு அதோடு போச்சு. அதனால் எந்த லைப்ரரி புதுசு, எது பழசு என்று பார்ப்பதற்கு முன்னால் கேட்கவேண்டியது இதுதான்: பைட்டுகளை இழுக்கும் வேலை யாருடைய பிராசஸில் நடக்கிறது? அப்புறம், இந்தக் கோப்பைக் கேட்டது யார், பயனரா, செயலி தானாகவா?

கோரூட்டீனில் (கோட்லினில் பின்னணி வேலை எழுதும் முறை) ஓக்ஹெச்டிடிபி என்ற நெட்வொர்க் லைப்ரரியை வைத்து இழுப்பதுதான் எல்லாரும் முதலில் கைவைப்பது. ஸ்கிரீனை வரையும் மெயின் த்ரெட் சிக்காது, ஸ்கிரீன் உறையாது, கோடும் படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் அது தருவது அவ்வளவுதான். ஒரு ஸ்கிரீனின் ஆயுளோடு கட்டிய வியூமாடல் ஸ்கோப்பில் போட்டிருந்தால் பயனர் அந்த ஸ்கிரீனை விட்டு வெளியேறியதுமே வேலை ரத்து. பெரிய ஸ்கோப்பில் போட்டாலும் பிராசஸ் போனால் அதுவும் போகும். முகப்புப் படம், சின்ன ஜேசன் தரவு என்றால் தாராளமாக இதையே பயன்படுத்துங்கள். 2020-இல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோது ஓய்வு கொடுக்கப்பட்ட அசின்க்டாஸ்க் என்ற பழைய பின்னணி முறையிலும் இதே குறைதான் இருந்தது, எழுதும் விதம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆண்ட்ராய்டிலேயே இருக்கும் டவுன்லோடுமேனேஜர் இதற்கு நேர் எதிர். 2010-இல் ஆண்ட்ராய்டு 2.3-உடன் வந்தது, அதனாலேயே பலர் பழசு என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கோரிக்கையைக் கொடுத்துவிட்டால் சிஸ்டத்தின் பிராசஸ் இழுத்துக்கொள்ளும். உங்கள் செயலி இருந்தாலும் சரி, செத்தாலும் சரி. நெட் போய் வந்தால் தானே தொடரும், போன் ரீஸ்டார்ட் ஆனாலும் மறக்காது, நோட்டிஃபிகேஷனும் ஓசியில் கிடைக்கும். ஒரு பிடிஎஃப், ஒரு பாடல் என்று யாரும் திறந்து பார்க்கக்கூடிய கோப்புக்கு இதைவிடக் குறைந்த கோடில் வேலை முடியாது. இடிப்பது வேறு இடங்களில். கெட் கோரிக்கை (வெறுமனே 'கொடு' என்று கேட்பது) மட்டும்தான் போகும், செயலியின் உள் சேமிப்பில் நேரடியாக எழுதாது, எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரிய கர்சரை (கேள்விக்கு வரும் பதில் பட்டியல்) வைத்து அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி டோக்கன் (லாகின் ஆனவர் என்று காட்டும் சாவி): அது இருக்கும் ஹெடரை (கோரிக்கையோடு போகும் குறிப்பு) கோரிக்கை வைக்கும்போதே கொடுத்துவிடுகிறீர்கள், வைஃபைக்காக சில மணி நேரம் காத்திருந்து தொடரும்போது அந்த டோக்கன் காலாவதி ஆகியிருந்தால் சர்வர் 401 (அனுமதி இல்லை) என்று திருப்பியடிக்கும், நடுவில் புகுந்து புதுசு மாற்றிக்கொடுக்க வழியில்லை.

அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பவர்கள் போய் நிற்கும் இடம் ஒர்க்மேனேஜர் என்ற ஆண்ட்ராய்டு லைப்ரரி, 2019-இல் 1.0 ஆனது. வைஃபை இருந்தால் மட்டும், பேட்டரி குறையாமல் இருந்தால் மட்டும் என்று நிபந்தனை போடலாம், வேலைப்பட்டியல் டேட்டாபேஸில் இருப்பதால் பிராசஸ் போனாலும் ரீஸ்டார்ட் ஆனாலும் திரும்ப வரும், தோற்றால் 30 விநாடியில் தொடங்கி இடைவெளியைக் கூட்டிக்கூட்டி மறுபடி முயலும். ஆனால் அது வேலையை நேரம் பார்த்துக் கிளப்பிவிடும் ஆள்தானே தவிர டவுன்லோடு செய்யும் ஆள் இல்லை. ஒரு ஒர்க்கருக்குப் (அதில் போடும் ஒரு வேலைக்குப்) பொதுவாக 10 நிமிடம்தான். அதற்குள் முடியாவிட்டால் நிறுத்திவிடும், அடுத்த முறை உங்கள் கோடு முதல் வரியிலிருந்து ஓடும். விட்ட இடத்திலிருந்து பிடிப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

பெரும்பாலான கோளாறு இங்கேதான் வருகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். டிஸ்கில் 50 எம்பி இருக்கிறது, எந்த பைட்டிலிருந்து வேண்டும் என்று சொல்லும் ரேஞ்ச் ஹெடரில் மீதியைக் கேட்கிறீர்கள். சர்வர் 206 என்று சொன்னால் மீதி வருகிறது, கோப்பின் வாலில் ஒட்டலாம். 200 என்று சொன்னால் அது ரேஞ்சைக் கண்டுகொள்ளவில்லை, முழுக் கோப்பையும் ஆரம்பத்திலிருந்து அனுப்புகிறது. வெற்றியா என்று மட்டும் பார்த்துவிட்டு அதையும் வாலில் ஒட்டினால் 50 எம்பிக்குப் பின்னால் முழுக் கோப்பு இன்னொரு தடவை வந்து உட்காரும், ஜிப் திறக்காது, ஏன் என்று யாருக்கும் புரியாது. நடுவில் சர்வரில் கோப்பே மாறியிருந்தால் இன்னும் மோசம், பழையதன் தலையும் புதியதன் உடம்பும் சேர்ந்துவிடும். முதல் பதிலில் வந்த ஈடேக்கைச் (கோப்பின் பதிப்பு அடையாளத்தைச்) சேமித்து வைத்து இஃப்-ரேஞ்ச் ஹெடரில் அனுப்பினால் இது நடக்காது: மாறியிருந்தால் சர்வர் 200 கொடுக்கும், நீங்கள் கோப்பை வெட்டிவிட்டு முதலிலிருந்து எழுதலாம். டவுன்லோடுமேனேஜர் இதை உள்ளுக்குள் தானே பார்த்துக்கொள்கிறது, ஆனால் சர்வர் ஈடேக் தராவிட்டால் தொடர முடியாது என்று 1008 பிழையோடு கைவிரித்துவிடும்.

10 நிமிடத்தைத் தாண்டும் வேலைக்கு ஒர்க்கரை ஃபோர்கிரவுண்டு சர்வீஸாக (நோட்டிஃபிகேஷன் காட்டிக்கொண்டே ஓடும் வேலையாக) மாற்றுவது வழக்கம். அந்தக் கதவும் சாத்திக்கொண்டே வருகிறது. ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்த செயலிகளுக்கு டேட்டாவை ஏற்றி இறக்கும் டேட்டாசின்க் வகை சர்வீஸ் 24 மணி நேரத்தில் மொத்தம் 6 மணி நேரம்தான். பயனரே தட்டிக் கேட்ட பெரிய கோப்புக்கென்று ஆண்ட்ராய்டு 14-இல் தனி வழி வந்தது: ஆண்ட்ராய்டின் வேலைகளை வரிசைப்படுத்தும் ஜாப்ஷெட்யூலரில் செட்யூசர்இனிஷியேட்டட் ('பயனர் கேட்டது' என்று குறிப்பது). செயலி கண்முன் இருக்கும்போதுதான் தொடங்க முடியும், நோட்டிஃபிகேஷன் கட்டாயம், பதிலுக்கு நீண்ட நேரம் ஓட விடுவார்கள். புது போன்களில் பெரிய கோப்பு என்றால் நான் இதற்குத்தான் போவேன், பழைய போன்களுக்கு டவுன்லோடுமேனேஜர். யாரும் கேட்காமல் செயலி தானாக இழுக்கும் பாடப்பகுதி, அகராதி மாதிரியானவை ஒர்க்மேனேஜருக்கு.

ஐஓஎஸில் தேர்வு குறைவு, குழப்பமும் குறைவு. செயலி பின்னால் போனபிறகு கெஞ்சி வாங்கும் நேரம் சுமார் 30 விநாடி. அதற்கு மேல் வேண்டுமென்றால் 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்த பேக்கிரவுண்டு யூஆர்எல்செஷன்தான், சிஸ்டத்தின் தனி டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) இழுத்துக்கொள்ளும். கம்ப்ளீஷன் ஹேண்ட்லர் (முடிந்ததும் ஓடும் சின்னக் கோடு) வேலைக்காகாது, சிஸ்டம் சேதி சொல்லும்போது கூப்பிடும் மெதட்களைக் கொண்ட டெலிகேட் எழுத வேண்டும். முடிந்ததும் தரப்படும் தற்காலிகக் கோப்பை அந்த மெதட் முடிவதற்குள் நகர்த்தியாக வேண்டும், வேறு க்யூவில் போட்டு அப்புறம் பார்க்கலாம் என்றால் கோப்பு இருக்காது. பயனர் செயலியை மேலே தள்ளி மூடினால் எல்லா டவுன்லோடும் ரத்து, இதற்கு மாற்று இல்லை. ஒரே கோடில் இரண்டு போனுக்கும் எழுதும் ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் ஆட்கள் பிளகின் எடுக்கும்போது அது அடியில் இவற்றில் எதைக் கூப்பிடுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஃபோர்ஸ் ஸ்டாப் அடித்துப் பார்க்காதீர்கள், அது உங்கள் ஜாப்களையும் சேர்த்து ரத்து செய்துவிடும்; ஹோம் பட்டனைத் தட்டிவிட்டு ஏடிபி ஷெல்லில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) ஏஎம் கில் கொடுங்கள். ஐஓஎஸில் ஆப்பிளின் கோடு எழுதும் கருவியான எக்ஸ்கோடிலிருந்து ஓட்டினால் அதன் டீபக்கர் (பிழை தேடும் கருவி) செயலியை சஸ்பெண்டு ஆகவே விடாது, எல்லாம் நன்றாக ஓடுவதுபோல் தெரியும். அங்கே ஐகானைத் தட்டித் திறந்து, டவுன்லோடைத் தொடங்கிவிட்டு, கோடிலேயே எக்ஸிட் கூப்பிட்டுப் பாருங்கள்.