கேஜ் மேசைச் சில்லு ரீடர்: சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லாம் போலி இல்லை

சிங்கப்பூரில் சூதாட்டக்கூடங்கள் இரண்டே இரண்டுதான். செந்தோசாவில் ஒன்று, மரீனா பேயில் ஒன்று, இரண்டும் 2010இல் திறந்தவை. அங்கே கேஜ் (சில்லைப் பணமாக மாற்றும் கவுண்டர்), டேபிள், பராமரிப்பு என்று ஷிஃப்ட் பார்க்கும் நம்மவர்களிடம், பந்தயத்தில் பணத்துக்குப் பதில் வைக்கும் சில்லைச் சரிபார்க்கும் கருவியைப் பற்றிக் கேட்டால், "மெஷின் வைத்தாச்சு, இனி என்ன கவலை" என்பார்கள். மரீனா பே சாண்ட்ஸில் 2015இல் 1,000 வெள்ளி போலிச் சில்லுகள் புழங்கிய வழக்கைப் படித்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். மெஷின் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதே இல்லை என்று தெரிந்துகொண்டால் அந்த நம்பிக்கை கொஞ்சம் குறையும்.

இங்கே எடுத்துக்கொள்வது கேஜ் கவுண்டரில் பதிக்கும், ரேடியோ அலையால் அடையாளம் படிக்கும் ஆர்எஃப்ஐடி ரீடர். பலகைக்கு அடியில் ஆன்டெனா, அதற்குக் கீழே ஃபெரைட் தகடு, அப்புறம் ரீடர் பெட்டியும் திரையும். சில்லுக்குள் வட்டமாகச் சுற்றிய செப்புச் சுருளும் கடுகளவு ஐசியும் (மின்னணுச் சிப்) இருக்கும்; இரண்டும் சேர்ந்ததுதான் டேக். பாட்டரி கிடையாது. ஆன்டெனா அனுப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் புலத்திலிருந்தே டேக் மின்சாரம் எடுத்து, தன் அடையாள எண்ணைச் சொல்லும். அந்த எண் என்ன மதிப்பு, எந்த வரிசை, இப்போது புழக்கத்தில் உள்ளதா என்று தரவுத்தளம் பார்த்துச் சொல்லும். ஃபெரைட் தகட்டை மிச்சம் பிடித்து ஸ்டீல் கவுண்டர் மேலேயே ஆன்டெனாவைப் பொருத்தினால் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் கிளம்பிப் புலத்தைத் தின்றுவிடும். அப்புறம் ரீடர் மட்டம் என்று பழி. எடை கூட்ட நடுவில் இரும்பு வில்லை வைத்த சில்லுகளுக்கும் இந்த முறை ஒத்துவராததற்கு அதே காரணம்தான்.

உண்மையான சோதனை அடுக்கில்தான். நூலகத்தில் நாலைந்து புத்தகங்களை அடுக்கி வைத்து ஒரே தடவையில் இரவல் பதிவதைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய வித்தையாகத் தெரியாது. ஆனால் புத்தகத்தில் ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். சில்லில் சுமார் 3.3 மிமீதான். 20 சில்லு அடுக்கினால் 66 மிமீ உயரத்தில் இருபது சுருள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே அச்சில் நிற்கின்றன. ஒன்றையொன்று தூண்டி, எல்லாம் சேர்ந்த ஒத்ததிர்வு 13.56க்குக் கீழே இறங்கிவிடும். நடுவில் இருப்பதும் உச்சியில் இருப்பதும் மின்சாரம் போதாமல் பேசாது. இதற்கென்றே வந்தது பிஜேஎம் (phase jitter modulation) முறை, ஐஎஸ்ஓ 18000-3 தரநிலையின் 2ஆம் மோடு. டேக்குகள் 8 தடங்களில் மாறி மாறிப் பதில் சொல்வதால் மோதல் குறைவு. ஐஎஸ்ஓ 15693 என்ற இன்னொரு தரநிலையின் டேக் மலிவு. பரப்பி வைத்த சில்லுகளுக்குப் போதும், அடுக்குக்குத் திணறும். ஆகவே கேஜுக்கு பிஜேஎம்தான் எங்கள் பரிந்துரை. இதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்: ரீடரும் சில்லும் ஒரே முறையில் பேச வேண்டும் என்பதால், பின்னால் மனம் மாறினால் மொத்தச் சில்லுத் தொகுதியையும் மாற்ற வேண்டிவரும்.

குறை சொல்ல வேண்டிய இடம் திரை. பல ரீடர்களில் மூன்று வெவ்வேறு கோளாறுகளுக்கும் ஒரே சிவப்பு விளக்குதான்: டேக் பேசவில்லை, எண் பதிவில் இல்லை, ஒரே எண் இரண்டு இடத்தில் தெரிகிறது. கேஷியருக்கு இவை மூன்றும் மூன்று வேலை.

முதல் வகையில் சிக்குவது பெரும்பாலும் அசல் சில்லு. விளிம்பு தரையில் மோதி விழும்போது சுருள் ஐசியோடு சேரும் இணைப்பு விட்டுப்போகும். கழுவும் மெஷினில் வெந்நீரும் காரச் சோப்பும் நடு லேபிளின் ஓரம் வழியாக உள்ளே இறங்கினாலும் அதே கதி. வெளியே பார்த்தால் சில்லு புதுசு மாதிரி இருக்கும், உள்ளே டேக் செத்திருக்கும். டேக்கே வைக்காத போலியும் ரீடருக்கு இதே மாதிரிதான் தெரியும். இன்னும் சரியாகச் சொன்னால், தெரியவே தெரியாது. 20இல் 19 பதில் வந்தால் ரீடரைப் பொறுத்தவரை அங்கே இருப்பது 19தான். எனவே அந்தச் சிவப்பு எரியவே எண்ணிக்கைக்குத் தனிச் சாட்சி வேண்டும்: பக்கவாட்டுக் கேமரா அல்லது தராசு. அது இல்லாத ரீடரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

தராசு என்றால் இருபது இருபதாக நிறுக்க வேண்டும். சில்லு ஒன்று சுமார் 10 கிராம் என்று வையுங்கள். தேய்மானத்தில் தலைக்கு 0.2 கிராம் குறைந்திருந்தால் 20க்கு 4 கிராம், அரைச் சில்லுக்கும் குறைவு, கணக்கு பிசகாது. நூறாக நிறுத்தால் 20 கிராம், இரண்டு சில்லு காணோம் என்று கத்தும். தேய்மானம் உயரத்திலும் விளையாடும். தலைக்கு 0.15 மிமீ தேய்ந்தாலே அடுக்கு 3 மிமீ குட்டை. டீலர் இரண்டு அடுக்கைப் பக்கத்தில் நிறுத்தி மேலே விரலை ஓட்டும்போது கிட்டத்தட்ட ஒரு சில்லு பள்ளம் தட்டும், கேமராவும் ஏமாறும்.

இரட்டை எண்தான் கெட்ட பயல். அடையாள எண்ணை மட்டும் நம்பும் அமைப்பில், எண்ணை மாற்றி எழுதக்கூடிய வெற்று டேக் கிடைத்தால் நகல் தயார். ஐஎஸ்ஓ 15693 டேக்கை என்எஃப்சி உள்ள சாதாரணக் கைபேசியே படித்துவிடும் என்பதால் எண் ரகசியமே இல்லை. நகல் முதலில் கேஜுக்கு வந்தால் பச்சை விளக்கு எரிந்து பணம் போய்விடும். அடுத்த நாள் அசலோடு வரும் வாடிக்கையாளர்தான் சிவப்பில் மாட்டுவார். எது நகல் என்று மெஷின் சொல்லாது. கடவுச்சொல் அல்லது மறையாக்கச் சரிபார்ப்பு உள்ள ஐசியைக் கேட்பது இதற்காகத்தான். விலை கூடும், உயர் மதிப்புச் சில்லுகளுக்காவது கேளுங்கள்.

செத்த சில்லு கையில் வந்தால் ஃப்ளோட்டில் (புழக்கத்துக்கு வைத்திருக்கும் சில்லு இருப்பில்) திரும்பப் போடவே கூடாது. இரண்டு பேர் சாட்சியாகத் தனி உறையில் போட்டு, வந்த நேரமும் கவுண்டர் எண்ணும் எழுத வேண்டும். அப்புறம் காலிப்பர் வைத்து விட்டமும் தடிமனும் (வழக்கமான அளவு 39 மிமீ, உயர் மதிப்புக்கு 43), பிறகு 365 நானோமீட்டர் யூவி விளக்கு. சாதாரணத் தாளில் அச்சடித்த லேபிள் முழுதும் நீலவெள்ளையாகப் பளிச்சிடும்; அசலில் ரகசியக் குறி மட்டும் ஒளிர்ந்து மற்றது இருளாக இருக்கும். ஒரு பொறி: துணி சோப்பில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கும். அதில் கழுவிய அசல் சில்லும் பளபளக்கும். கழுவும் பொருளை மாற்றாமல் யூவியை நம்புவது வீண்.

ரூலெட் மேசையில் நிறம் பார்த்துப் பிரிக்கும் சார்ட்டரை இதோடு சேர்த்துப் பேச வேண்டாம். அது விளிம்பு நிறத்தைப் படிக்கும் வேலைக்காரன், காவல்காரன் இல்லை. கையழுக்கு ஏறினால் பழுப்பையும் ஆரஞ்சையும் குழப்பும். சென்சார் கண்ணாடியைத் துடைத்தால் சரியாகிவிடும்.

எந்த ரீடரும் எட்டாத இடம் போக்கர் போட்டி. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் உள்ள போர்காட்டா சூதாட்டக்கூடத்தில் 2014 ஜனவரியில் போலிப் போட்டிச் சில்லுகள் புகுந்தன. சம்பந்தப்பட்டவர் மிச்சத்தை வேறொரு ஹோட்டல் கழிப்பறையில் கொட்டி, குழாய் அடைத்து மாட்டிக்கொண்டார். போட்டிச் சில்லுக்குப் பண மதிப்பு இல்லை. கேஜுக்கே வராததைக் கேஜ் ரீடர் எப்படிப் பிடிக்கும்?

வாங்குமுன் டெமோவில் இதைச் செய்யுங்கள். ஒரு செத்த சில்லை 20 அடுக்கின் அடியிலும், பத்தாவது இடத்திலும், உச்சியிலும் மாற்றி மாற்றி வையுங்கள். அடுக்கைக் கால் சுற்று திருப்புங்கள், ஆன்டெனாவின் ஓரத்துக்கு நகர்த்துங்கள், பக்கத்தில் ஐந்து அடுக்குகளை ஒட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் எண்ணிக்கையும் எச்சரிக்கை வாசகமும் மாறாமல் வர வேண்டும். விற்பனையாளர் கொண்டுவருவது எப்போதும் புத்தம் புதுச் சில்லுதான். உங்கள் மேசையில் கழுவித் தேய்ந்ததை எடுத்துவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.