பழைய லேப்டாப்புக்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் டி2யு நானோ: எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

ரூட்டரை மாற்றியதும் போன்கள் எல்லாம் உடனே இணைந்துவிடும். பழைய லேப்டாப் மட்டும் அடம்பிடிக்கும். அப்போது பலரும் தேடிப்போவது இதுபோன்ற குட்டி யுஎஸ்பி வைஃபை அடாப்டரைத்தான். நல்ல பொருள், சந்தேகமில்லை. ஆனால் லேப்டாப்பில் உள்ள வைஃபை கார்டு பழசாகிவிட்டதுதான் கோளாறு என்றால் மட்டுமே இதற்குச் செலவழிக்கலாம். கோளாறு ரூட்டர் செட்டிங்கில் இருந்தால், காசு போனதுதான் மிச்சம்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கமாண்ட் பிராம்ப்டில் 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' (netsh wlan show drivers) என்ற கட்டளையைக் கொடுங்கள். 'ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட்' வரியில், 802.11-ஐ அடுத்து வரும் எழுத்துகளாக பி, ஜி, என் மட்டும் இருந்து, ஏ-வும் ஏசி-யும் இல்லாவிட்டால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும் கார்டு. ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அதன் கண்ணில் படவே படாது. அதற்கும் கீழே பாஸ்வேர்டு முறைகளின் பட்டியல் வரும். அங்கே டபிள்யூபிஏ2 பெர்சனலும் சிசிஎம்பி-யும் (ரூட்டரில் இவையே டபிள்யூபிஏ2-பிஎஸ்கே, ஏஇஎஸ் என்று இருக்கும்) ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடாப்டர் வாங்காமலே வேலை முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுங்கள். செக்யூரிட்டியை டபிள்யூபிஏ2-பிஎஸ்கே, ஏஇஎஸ் என்று வையுங்கள். அதற்கடுத்த புது முறையான டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் விண்டோஸ் 7 இணையவே இணையாது. விண்டோஸ் 10-க்கே 1903 பதிப்பில்தான் அந்த வசதி வந்தது. பழசுக்கு ஒத்துப்போகட்டும் என்று டிகேஐபி என்ற பழைய முறைக்கு மாற்றாதீர்கள்: பாதுகாப்பும் குறையும், வேகமும் 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள். 12, 13-ஐப் பார்க்காத பழைய கார்டுகள் ஏராளம்.

அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன, உங்களுடையது மட்டும் இல்லை. ரூட்டரும் வைஃபை 6 வகை. அப்படியானால் முதலில் டிரைவரைச் சந்தேகியுங்கள். இன்டெல் 7260, 3165 போன்ற கார்டுகளின் பழைய டிரைவர், 802.11ஏஎக்ஸ் (வைஃபை 6-இன் தொழில்நுட்பப் பெயர்) இயங்கும் நெட்வொர்க்கைப் பட்டியலில் காட்டாது. டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். புது டிரைவர் கிடைக்காவிட்டால் ரூட்டரில் 2.4-க்கு மட்டும் ஏஎக்ஸை நிறுத்துங்கள்.

இணைந்துவிட்டது, ஆனால் எந்தத் தளமும் திறக்காமல் சான்றிதழ் பிழை காட்டுகிறது என்றால், மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி (பெரும்பாலும் சிஆர்2032) தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போய்விடும். இதற்கும் வைஃபைக்கும் சம்பந்தமே இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் கார்டுதான் காரணம் என்றால், டி2யு நானோ சரியான தேர்வு. உள்ளே இருக்கும் கார்டையே மாற்றலாமே என்று தோன்றும். சில பழைய லேப்டாப்களின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்), தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகவே விடாது. பழைய திங்க்பேட்களில் வரும் 1802 பிழை அதுதான். யுஎஸ்பி அடாப்டருக்கு அந்தத் தலைவலி கிடையாது.

பெட்டியில் ஏசி600 என்று போட்டிருப்பது 5 கிகாஹெர்ட்ஸின் 433 மெகாபிட்டையும் 2.4-இன் 200 மெகாபிட்டையும் கூட்டிச் சொல்லும் கணக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 433 என்பதும் இணைப்பு வேகம்தான். கைக்கு வருவது ஏறக்குறைய அதில் பாதி. வீடியோ பார்க்க, ஆன்லைன் வகுப்புக்கு அது தாராளம். 2.4-இல் அந்த 200-ஐ எதிர்பார்க்க வேண்டாம். ஒற்றை ஸ்ட்ரீம் (ஒரே தரவுத் தடம்) என்பதால் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் சாதாரணமாக 72 மெகாபிட்தான் காட்டும். ஆகவே இதன் பயன் முழுக்க 5 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. அங்கே 36 முதல் 48 வரையிலான சேனலில் ரூட்டரை வைத்தால் தகராறு குறைவு.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் டிரைவரை வேறு கணினியில் இறக்கி, பென்டிரைவில் தயாராக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பதித்த பிறகு டிவைஸ் மேனேஜரில் பழைய உள் கார்டை வலது கிளிக் செய்து டிசேபிள் செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வைஃபையில் எது இணைந்திருக்கிறது என்ற குழப்பம் ஓயாது. அடாப்டரின் பிராப்பர்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கம் இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த இதை நிறுத்தலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்த லேப்டாப்பில் வைஃபை காணாமல்போக அது ஒரு முக்கியக் காரணம்.

இதன் பெரிய குறை ஆன்டெனா. விரல் நுனி அளவுதான். லேப்டாப்பை ஒட்டியே நிற்கும். இரண்டு சுவர் தாண்டி ரூட்டர் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மளமளவென்று இறங்கும். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகி மேலே தூக்கி வைத்தால் நன்றாகவே தேறும். 2.4-இல் பயன்படுத்துவதென்றால் நீல யுஎஸ்பி 3.0 போர்ட்டைத் தவிருங்கள்; பக்கத்தில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஓடினாலும் அந்த அலைவரிசையில் இரைச்சல் ஏறும். அடாப்டரே யுஎஸ்பி 2.0 என்பதால் பழைய போர்ட்டில் எந்த இழப்பும் இல்லை.

தயாரிப்பு விவரத்தில் உள்ள பாதுகாப்பு டபிள்யூபிஏ2 வரைதான். ரூட்டரை டபிள்யூபிஏ3-இல் மட்டும் வைத்திருப்பவர்கள், அது தெளிவாகக் குறிப்பிடப்பட்ட வேறு மாடலை வாங்குங்கள். லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் என்றாலும் யோசியுங்கள்: உள்ளே இருப்பது ரியல்டெக் 8811ஏயு சிப். பழைய கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) அதன் டிரைவரைத் தனியாகத் தொகுக்க வேண்டும், கெர்னல் மாறும்போது மறுபடியும் அதே வேலை.