எல்டிஆரா, பிஎச்1750ஆ? பையில் தைத்துப் பார்த்த பிறகு

வெள்ளவத்தையில் டியூஷன் முடித்து ஆறரை மணிக்குக் காலி வீதியைக் கடக்கும் மருமகளுக்காக, இருட்டினால் தானே எரியும் எல்இடி வரிசை ஒன்றைப் பையில் தைத்தேன். மூளை ஃப்ளோரா என்ற, துணியில் தைக்கும் சிறு கணினிப் போர்ட், இணைப்பு மின்சாரம் கடத்தும் துருப்பிடிக்காத எஃகு நூல். ஒளியை அறிய முதலில் எல்டிஆர் (வெளிச்சம் கூடக்கூட மின்தடை குறையும் சிறு உறுப்பு), இப்போது பிஎச்1750 என்ற ஒளி சென்சர்.

எல்டிஆரின் நல்லவை தெரிந்தவைதான். ஒரு பிளேன்டீக் காசுக்குள் புறக்கோட்டையில் கிடைக்கும். ஒரு ரெசிஸ்டரோடு மூன்று நூல் ஓடினால் போதும், லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) எதுவும் வேண்டாம்.

என்னைக் கவிழ்த்தது பராமரிப்பு. பை மடங்கி மடங்கி எல்டிஆரின் கால் உடைந்தது. அதே ஜிஎல்5528 வகையில் புதிதொன்றை மாற்றினேன். மறுநாளே, “மாமா, இது பகலிலயும் எரியுது” என்றாள். கோளாறு அந்த வகையிலேயே இருக்கிறது. 10 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தில் அதன் தடை 8 முதல் 20 கிலோஓம் வரை எங்கும் இருக்கலாம். 10 கிலோஓம் ரெசிஸ்டரைத் தரை (கிரவுண்ட்) பக்கம் போட்டால், போர்டின் 0 முதல் 1023 வரையான அளவில் ஒன்று 568 என்று காட்டும் இடத்தில் இன்னொன்று 341 காட்டும். ஆக, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மடிக்கணினியைத் திறந்து, அந்திக்காகக் காத்திருந்து, எந்த எண்ணில் விளக்கு எரியவேண்டும் என்ற எல்லையைத் திருத்த வேண்டும். வியர்வையில் துணி நனைந்தால் நூல்களுக்கிடையே மின்சாரம் கசிந்து அந்த எண்ணும் நகர்கிறது.

பிஎச்1750 வெளிச்சத்தைத் தானே அளந்து லக்ஸ் கணக்கில் எண்ணாக அனுப்புகிறது. 30க்குக் கீழே எரி, 60க்கு மேலே அணை என்று ஒருமுறை எழுதினேன். இடைவெளி எதற்கென்றால், எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் லேசாகப் பட்டவுடன் விளக்கு மினுக்கக் கூடாது. சென்சரை ஒருமுறை மாற்றியும் விட்டேன். நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.

தைப்பது மட்டும் கொஞ்சம் சள்ளை. நான்கு நூல் வேண்டும்: மின், தரை, தகவலுக்கு எஸ்டிஏ, அதன் தாளத்துக்கு எஸ்சிஎல். ஐந்தாவது துளையை விட்டுவிடலாம். துளைகளுக்கிடையே 2.54 மில்லிமீற்றர்தான் என்பதால் பிசிறு நூல் ஒன்று பக்கத்து நூலைத் தொட்டாலே கதை முடிந்தது. அதனால் நான்கு துளைகளிலும் மெல்லிய கம்பியைச் சோல்டர் பண்ணி, கம்பி முனைகளில் உலோகப் பிரஸ் பட்டன் வைத்தேன். மறுபாதிப் பட்டன்களைப் பையில் எஃகு நூலாலேயே தைத்தேன். துவைக்கும் நாளில் டக் டக்கென்று கழற்றிவிடலாம். எல்டிஆரையும் இப்படி வைக்கலாம்தான், ஆனால் எல்லையைத் திருத்தும் வேலை போகாது.

அடாஃப்ரூட் நிறுவனத்தின் வட்டமான டிஎஸ்எல்2561 ஒளி சென்சர் போர்டில் தைக்கவே அகலத் துளைகள் உண்டு. நண்பரின் தொப்பி ஒன்றில் மட்டும் தைத்தேன், கைக்கு இதமாக இருந்தது. அது துவைத்துப் பாவித்த தொப்பி அல்ல, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். ஒரே இரவு தொங்கும் வெசாக் விளக்குக் கூட்டுக்கென்றால் எல்டிஆரே போதும்.

என் பிரஸ் பட்டன்களுக்கு நான்கு மாதம்தான் ஆகிறது. வீடு மரைன் டிரைவ் பக்கம். எஸ்டிஏ பட்டனின் ஓரத்தில் பச்சை பூக்கத் தொடங்கியிருக்கிறது, இப்போதைக்கு அழிறப்பரால் தேய்த்து வருகிறேன்.